பசை போட்டு ஒட்டிய பிளக்

ஜான்கி,

மினிபஸ் பிடித்து நசினுவில் இருக்கும் பட்டறைக்குப் போகிறேன். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன். நம் காரை விலைக்கு வாங்க நகாசியிலிருந்து பல்ராம் அண்ணன் பத்து மணிக்கு வருவார். டீ கொடுத்து உட்காரவை. கார் சாவி என்னிடம் இருக்கிறது, தேடாதே.

உன் தம்பி ரவீனேஷ் செய்தது அயோக்கியத்தனம். சர்வீஸ் செய்கிறேன் என்று, சூடு ஆறாத இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கை முரட்டுத்தனமாகத் திருகியிருக்கிறான். இன்ஜின் ஹெட் மிருதுவான அலுமினியம் அல்லவா? பிளக்கைப் பிடித்து நிறுத்தும் மரை முழுக்க உரிந்துவிட்டது. அதை மறைத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான்! இன்று காலை நான் தொட்டதும் பிளக் கையோடு வந்தது. கேட்டால், "சனிக்கிழமை பிளேன் ஏறிடுவீங்க மாமா, அப்புறம் யாரு கேக்கப் போறா?" என்று சிரிக்கிறான்.

நீயும், "போற நேரத்துல எதுக்கு வம்பு?" என்றாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. இந்தத் தீவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும் நாம் ஆஸ்திரேலியாவுக்கு ஓடுகிறோம். பல்ராம் அண்ணனுக்கு ஓட இடமில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு ராணுவச் சோதனைச் சாவடி முன்னால் இந்தக் கார் நின்றுபோனால் என்ன செய்வார்?

புதிதாக மரை வெட்டி எஃகுச் சுருள் ஏற்றினால் பிளக் உறுதியாக நிற்கும். அதற்கான சாமானை வாங்கிவரத்தான் பட்டறைக்குப் போகிறேன். அதுவரை பிளக் ஓட்டையில் நான் அடைத்திருக்கும் துணியை யாரும் எடுக்கக் கூடாது.

அவரிடம் நடந்ததை நீயே சொல். கார் வேண்டாம் என்றால் போகட்டும்.

காலையில் உன்னிடம் நான் கத்தியது தப்பு. சொன்னது தப்பில்லை.

இன்னொன்று: மீன் குழம்பு மூடிவைத்திருக்கிறது. உன் தம்பி வந்தால் சோறு போடு. தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பிளக்கையும் வை.