கண்ணாடிக் கடையில் ஒரு பிடி அரிசி

மச்சாள்,

யாருமே நம்பப்போகாத ஒரு கதையை, கொட்டாஞ்சேனைக் கடற்காற்று சாட்சியாகச் சொல்லப்போகிறேன். நீங்களும் நம்பமாட்டீர்கள். கூடவே இருந்தவர் நீங்கள்தான் என்பது வேறு விஷயம்.

இன்று மத்தியானம் உங்கள் மகனுக்குச் சோற்றில் கல் கடிபட்டது. அந்தச் சத்தம் இரத்மலானை வரை கேட்டு, இறங்க வந்த விமானமொன்று இந்தியாவுக்கே திரும்பிவிட்டது. அவன் கல்லைச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். மருமகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நாளையிலயிருந்து அரிசியை நான் பார்க்கிறன். நீங்கள் ஆறுதலா இருங்கோ."

அதைக் கேட்டதிலிருந்து வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். கல்யாணமும் கட்டாமல், உத்தியோகமும் ஓய்ந்து, அண்ணன் வீட்டுச் சோற்றில் கிடப்பவனுக்கு நீங்கள் கண்மூடும்போது விட்டுப்போன அரிசி புடைக்கிற சுளகு ஒன்றுதான் பதவி. யுத்தகாலத்துக் கூப்பன் அரிசி வேறு. பாதி கல், மீதி வண்டு.

இதே வார்த்தை அன்று உங்களுக்கும் வந்ததே. அண்ணன் கல்லைக் கடித்தார். அவருடைய பல் பறந்துபோய்த் துறைமுகத்தில் நின்ற கப்பலில் ஓட்டை போட்டது என்று நான் தெருவெல்லாம் பரப்பினேன். வீட்டில் எல்லோரும், அடுப்படியைப் புது மருமகளிடம் கொடுத்துவிட்டு ஆறுதலாக இருங்கள் என்றார்கள். "அடுப்படி இல்லாட்டி எனக்கு இந்த வீட்டில என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடி வாங்கக் கோட்டைக்கு ட்ராம் ஏறினீர்கள். யாரும் உங்களை ஏமாற்றாமல் காப்பது என் பொறுப்பு.

கடையா அது! தேசாதிபதியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். முழங்கால் வரை டை தொங்கவிட்ட விற்பனையாளர், தங்கக் கரை போட்ட கண்ணாடியை உங்கள் மூக்கில் ஏற்றினார்.

"கறுவாத்தோட்டத்துப் பங்களா லேடீஸ் எல்லாம் இதைத்தான் கேட்டு வாங்குறாங்கம்மா. அந்தச் சுவரைப் பாருங்க, எப்படித் தெரியுது?"

"நல்லாத் தெரியுது. ஆனா சுவரை நான் சமைக்கிறேல்லை."

அவர் அசரவில்லை. வீட்டுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, வெயிலுக்குக் கறுப்பில் ஒன்று என்று அடுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, பருந்துக் கண் படைத்த எனக்கும் ஒன்றை மாட்டிவிட்டார். "ஐயாவுக்கு ஜட்ஜ் முகம்!" நான் அப்படியே உருகிப்போனேன்.

"மச்சாள், எனக்கும் ஒண்டு..."

"தம்பி, கழட்டி வையும்."

அத்தோடு முந்தானை முடிச்சை அவிழ்த்தீர்கள். கண்ணாடி மேசையில் ஒரு பிடி அரிசி பொலபொலவென்று கொட்டியது. "இதுக்குள்ள கல் கிடக்கு. எந்தக் கண்ணாடி அதைக் காட்டுதோ, அதைத் தாங்கோ."

தங்கக் கரை காட்டவில்லை. அடுத்ததும் காட்டவில்லை. மூன்றாவதை மாட்டியபோது அரிசியைத் தடவிய உங்கள் விரல் நடுங்கியது. அப்போது மட்டும் எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவர் இழுத்துத் திறந்த அடி லாச்சிக்குள் இருந்து வெறும் நிக்கல் கம்பிக் கண்ணாடி ஒன்று வந்தது. குனிந்தீர்கள். ஒரு கல். இன்னொரு கல். ஒரு நெல்.

"இதுதான்."

"இது முகத்துக்கு எடுபடாதும்மா," என்றார் அவர் அழாக்குறையாக.

"முகத்தை ஆர் தின்னப் போயினம்?"

நாளைக்குக் காலையில் நான் அதே கடைக்குப் போகிறேன். ஜட்ஜ் முகம் என்று மறுபடியும் சொன்னால், கழட்டி வை என்று சொல்ல ஆளில்லை. அதனால் முகம் துடைக்கிற கைலேஞ்சியில் ஒரு பிடி அரிசி முடிந்து வைத்திருக்கிறேன். எந்தக் கண்ணாடியிலும் கல் தெரியாவிட்டால் என்ன செய்வது என்றுதான் இந்த நடை.

விமானம், கப்பல், தேசாதிபதியின் செருப்பு எல்லாம் என் சரக்கு, மச்சாள். மேசையில் உங்கள் விரல் நடுங்கியது மட்டும் உண்மை. சற்று முன் இந்த முடிச்சைப் போட்டபோதுதான் அது ஏனென்று எனக்கு விளங்கியது.