ரெண்டாவதுங்க

என் தைரியசாலிக்கு,

நேற்று தருமபுரி ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும் முன்பே மயங்கி விழுந்தவன் எழுதுகிறேன். கர்ப்பிணிகளுக்கு வைத்திருந்த ஜூஸைக் கொடுத்து என்னை எழுப்பியதை மாரண்டஹள்ளியில் உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

வயிற்றில் இருக்கும் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்வரை கூடவே வந்து பார்க்கும் ஆராய்ச்சியாம். அதற்கு அப்பன் ரத்தமும் வேண்டுமாம். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

நர்ஸ், "இது எத்தனாவதுங்க?" என்று கேட்டதும் என் அம்மா முந்திக்கொண்டு, "மொதல்தாங்க" என்றாள். போன வருஷம் நடந்ததை மறைத்து நம் வூட்டில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம்.

நீதான் நிமிர்ந்து உட்கார்ந்தாய். "இல்லைங்க, ரெண்டாவது. மொதல் புள்ள ஏழாம் மாசம் வயித்துலயே போயிடுச்சு. அது ஏன்னு கண்டுபிடிங்க, இன்னொருத்திக்கு அப்படி ஆவக் கூடாது. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ஏம்மா அந்தப் பேச்சு?" என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கோ எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. எழுந்தால் மறுபடி விழுவேன் என்று படுத்தே கிடந்தேன்.

பஸ் ஏறும்போது, "என்னங்க, பேச்சையே காணோம்? இன்னும் கிறுகிறுப்பா இருக்குதா?" என்று கேட்டாய். தலையாட்டி வைத்தேன்.

கிறுகிறுப்பெல்லாம் இல்லை. அந்த முதல் பிள்ளைக்கு மனசுக்குள் ஒரு பேர் வைத்திருக்கிறேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

இப்படிக்கு,
உன் வூட்டுக்காரன்