உடைசல் பருப்பும் பதினோராம் நம்பரும்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் ஷாஹிஸ்தாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை பயாஸும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அல்லாஹ்வின் கிருபையால் உன் அத்தா சுகம், தம்பி ஃபர்ஹான் சுகம், நானும் உடம்பு மட்டும் சுகம். மனசைக் கேட்காதே. போனில் பேசக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அத்தா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவர் நகர்ந்தால் ஃபர்ஹான் வருகிறான், இரண்டு பேரைப் பற்றியும் இரண்டு பேர் முன்னாலும் நான் என்ன பேசுவது. உன் மாமு மகள் தஹ்சீன் நாளைக் காலை கிளம்புகிறாள், பர்மிங்ஹாம் வந்ததும் பார்சலை உன் வீட்டிலேயே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள், அதற்குள்ளேதான் இதை வைக்கிறேன். இட்லிப் பொடி, ஜவ்வரிசி வடகம், தட்டுவடை இரண்டு பாக்கெட் இருக்கிறது. தட்டுவடை செட்டுக்கு நடுவில் வைக்க காரட், பீட்ரூட் நீயே துருவிக்கொள், சட்னியெல்லாம் விமானத்தில் விடமாட்டார்களாம். வடகத்தை வந்த அன்றைக்கே டப்பாவில் போட்டு மூடு, போன தடவை மாதிரி நமுத்துப்போனது என்று என்னிடம் சொல்லாதே. தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா, வீடியோவில் பார்த்தால் முடியெல்லாம் வைக்கோலாக நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மேட்டூரில் நம்ம பேட்டை பிரதர்ஸுக்கு ஃபைனல். உன் அத்தா இந்த டீமை ஆரம்பித்து இத்தனை வருஷத்தில் முதல் ஃபைனல். ஊரே சந்தோஷமாக இருக்கிறது, நான் மட்டும் இரண்டு நாளாக அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறேன். உனக்குத் தெரியும், எனக்குப் பந்து விளையாட்டு நேற்று வந்த பைத்தியம் இல்லை. மேட்டூரில் என் அத்தா கம்பெனி வேலையில் இருந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் மைதானம்தான். எவன் எந்தக் காலில் அடிப்பான், எவன் மூச்சு வாங்குவதை மறைக்க ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிவான் என்று எனக்கு அப்போதே தெரியும். உன் அத்தாவுக்கு மளிகை மண்டி தெரியும், மிளகாய் மூட்டையை மோந்து பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார், அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் மண்டி நடத்துவதுபோலவே டீமையும் நடத்துகிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கோல் அடித்துவிட்டால் போதும், சரக்கு விற்றுவிட்டது, ஷட்டரை இறக்கு என்கிற மாதிரி பத்துப் பேரையும் பின்னால் கூப்பிட்டு நிறுத்திவிடுகிறார். எடுக்கிற பந்தையெல்லாம் தூக்கி நெட்டையன் சபரிநாதன் தலைக்கு அடி என்பார். அந்தப் பிள்ளையும் பாவம், மாட்ச் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். ஃபர்ஹானை என்ன செய்கிறார் தெரியுமா. அவன் இடது கால்காரன், இடது ஓரத்தில் விட்டால் இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு போவான், இதை நான் பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை, எதிர் டீம்காரர்களே சொல்கிறார்கள். அவனை உன் அத்தா முதல் பதினொன்றில் எடுப்பதே இல்லை. எங்கே ஓட்டையோ அங்கே போட்டு அடைக்கிறார். ஒரு மாட்சில் வலது டிஃபென்ஸில் யாருக்கோ கால் பிடித்துக்கொண்டது, அங்கே இறக்கினார். இன்னொன்றில் கோல்கீப்பருக்கு விரல் பிசகியது, இவனைக் கையுறை மாட்டி நிற்க வைத்தார். ஏன் இப்படி என்று கேட்டேன். இடது ஓரத்தில் அன்பழகன் இருக்கிறான், ஆரம்பத்திலிருந்து இருக்கிறவன், கேப்டன், அவனை எப்படி உட்காரச் சொல்வது என்றார். வெண்ணந்தூர் அன்பழகனை உனக்கு ஞாபகம் இருக்கும், தறிப்பட்டறை வைத்திருக்கிறாரே, உன் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் நின்று தண்ணீர் ஊற்றினாரே, அவர்தான். தங்கமான மனுஷன். ஆனால் வயது முப்பத்தாறு ஆகிறது, ஓடினால் ஒரு கால் இழுக்கிறது. அதோடு இன்னொன்றும் சொன்னார் உன் அத்தா. சொந்த மகனை இறக்கினால் நாலு பேர் என்ன பேசுவான், மொய்தீன் பாய் மகனுக்காகத்தான் டீம் நடத்துறான்னு சொல்ல மாட்டானா என்றார். நாலு பேர் பேசுவது இவர் காதில் விழுகிறது, பெற்ற பிள்ளை பேசாமல் இருப்பது விழவில்லை.

டீமின் ஜெர்சியெல்லாம் நம் வீட்டில்தான் துவைக்கிறோம், மறந்திருக்க மாட்டாய். முந்தாநாள் நாமக்கல்காரர்களோடு செமி ஃபைனல். நான் வழக்கம்போல மைதானத்து ஓரத்தில் ஆம்னி வேனுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன். வழக்கம்போல ஒரு கோல் அடித்தார்கள், வழக்கம்போல உன் அத்தா எல்லோரையும் பின்னால் இழுத்தார், வழக்கம்போலக் கடைசியில் ஒன்று வாங்கினார்கள். வேன் கண்ணாடியை இறக்கி, ஏறி ஆடச் சொல்லுங்க என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் பஜ்ஜிக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பெனால்டியில் தப்பித்தோம், அதுவும் அல்லாஹ் போட்ட பிச்சை. நேற்றுத் துவைக்க எடுத்தால் ஒவ்வொரு ஜெர்சியும் செம்மண்ணும் வியர்வையுமாக விறைத்துக் கிடக்கிறது. ஃபர்ஹானுடையது மட்டும் நான் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. அதையும் சேர்த்து நனைத்தேன், இல்லையென்றால் கொடியில் அது மட்டும் இல்லாதது அவன் கண்ணில் படும். நனைக்கும்போது அழுகை வந்துவிட்டது ஷாஹிஸ்தா.

அவன் என்னிடம் வந்து சொன்னதைச் சொல்கிறேன், மாப்பிள்ளையிடம் இப்போதைக்குச் சொல்லாதே. மேட்டூர் டீம்காரர்கள் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த சீசனுக்கு எங்களிடம் வா, அங்கேயே ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, தங்க ரூம் எல்லாம் பார்த்துத் தருகிறோம் என்று. "ஃபைனல்லயும் என்னை உட்கார வெச்சாருன்னா நான் போயிடுவேம்மா, அத்தாகிட்ட நீயே சொல்லிடு" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன், சோறு தின்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னான். மேட்டூர் இங்கிருந்து எவ்வளவு தூரம், பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் இப்படி மனசு விட்டுப் போகிற பிள்ளை பெருநாளைக்குக்கூட வருவானோ மாட்டானோ. நீ போனதற்கே இன்னும் அரிசியைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் பிறகு அள்ளுகிறேன். அவனும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் உன் அத்தாவும் ஆளுக்கொரு ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதில் வேடிக்கையைக் கேள். நேற்று மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன், அன்பழகன் வந்து நிற்கிறார். செமி ஃபைனலில் போட்ட ஜெர்சியோடு அப்படியே ஊருக்குப் போய்விட்டார், அதைத் துவைத்தே கொண்டுவந்திருந்தார். ஈரம் போகாமல் இருந்தது, வாங்கி அதையும் கொடியில் போட்டேன், அவர் போகாமல் நின்றார். டீ போட்டுக் கொடுத்தேன், அதையும் குடித்துவிட்டு நின்றார். பிறகு மெல்ல, "அக்கா, எனக்கு முட்டி போச்சுங்க. ராத்திரி ஊட்டுல மாடிப்படி ஏற முடியலீங்க. ஃபைனலுக்குத் தம்பி எறங்குனா நல்லாருக்குமுங்க. பாய் என்மேல அத்தனை பிரியம் வெச்சு எறக்கறாரு, அவரு மொகத்தப் பாத்து முடியாதுன்னு நான் எப்படீங்க சொல்றது. நீங்க சொல்லிருங்கக்கா, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா தெரியவில்லை. இவர் மனசு நோகும் என்று அவர் ஓடுகிறார், அவர் மனசு நோகும் என்று இவர் ஓடவிடுகிறார், இரண்டு பேர் மரியாதைக்கும் நடுவில் என் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

சாயங்காலம் உன் அத்தா வந்ததும் பக்குவமாகச் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவன் என்றார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். ஃபர்ஹான் பேர் இப்போது வரும் இப்போது வரும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப யோகேஷை இறக்கிட வேண்டியதுதான்" என்றார். யோகேஷ் வலது கால்காரன், ஷாஹிஸ்தா. இடது ஓரத்தில் விட்டால் ஒவ்வொரு பந்துக்கும் நின்று திரும்பித்தான் அடிப்பான். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இன்று காலையில் ஒரு காரியம் செய்தேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நம் வீட்டுக்கு என்ன பருப்பு வரும், சொல். மண்டியில் முதல் ரகமெல்லாம் வாடிக்கையாளருக்கு, மூட்டையின் அடியில் தங்குகிற உடைசல் வீட்டுக்கு. கடைக்காரன் நல்லதைத் தின்றால் கடை நிற்காது என்று உன் தாத்தா காலத்திலிருந்து வருகிற பழக்கம், நானும் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று உன் அத்தா லோடு இறக்கப் போயிருந்த நேரம் பார்த்து நானே கடைக்குப் போனேன். கல்லாவில் ஃபர்ஹான் இருந்தான். முதல் ரகத் துவரம்பருப்பு ஒரு கிலோ கட்டு, பில் போடு என்றேன். பைத்தியமா என்பதுபோல் பார்த்தான், ஆனால் போட்டான். அதை மலர வேகவைத்து, பூண்டு தட்டிப் போட்டு, நெய் விட்டுத் தாளித்து வைத்தேன். உன் அத்தா சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது வாயிலேயே நிறுத்திவிட்டார், நாக்கு மண்டிக்காரர் நாக்கு அல்லவா. "இது நம்ம ஊட்டுப் பருப்பு இல்லையே, எங்க வாங்குன" என்றார். உங்க கடையிலதான், வாடிக்கையாளருக்குக் குடுக்கறது என்றேன். கை தட்டிலேயே நின்றது. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை. "இத்தனை வருஷம் உடைசலைத் தின்னோம், ஒண்ணும் குறைஞ்சு போகல, இன்னும் தின்போம். ஆனா ஃபர்ஹான் உடைசல் இல்லைங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மீதியைச் சாப்பிட்டார், மோர் வேண்டாம் என்றார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம்தான் தொழுதுவிட்டு இந்தக் கடிதத்தை எடுத்தேன். கை ஓடவில்லை, இதுவரைக்கும் நாலு தடவை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டேன். அதிகமாகப் பேசிவிட்டேனோ, சாப்பிடும்போது சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஒரு பக்கம். இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம்.

இப்போது மஃரிப் தொழுகை முடிந்து மறுபடி எழுதுகிறேன். உன் அத்தா வந்துவிட்டார். கையில் பை இருந்தது, நான் ஆசையாக வாங்கிப் பிரித்தால் வழக்கமான உடைசல்தான். அந்த மனுஷனைப் பற்றி என்ன சொல்ல. பையை அப்படியே மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினேன், ஆளைக் காணோம். மாடிக்குப் போய்ப் பார்த்தால் கொடியில் கிடந்த ஜெர்சியெல்லாம் அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார், கல்யாணமான நாளிலிருந்து காய்ந்த துணி ஒன்றை எடுத்தவரில்லை. அன்பழகனுடைய பதினோராம் நம்பரை மட்டும் தனியாக எடுத்து, தோள் பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இது ஃபர்ஹானுக்குத் தோள்ல புடிக்குமா" என்றார். புடிச்சா தையலைப் பிரிச்சு விடறேன் என்றேன். ம் என்றார். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்பதுதான் என் கவலை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் எந்த நாலு பேர் வந்து எதைப் பேசி இவரைக் கலைப்பார்களோ. நீ ஒரு உதவி செய். சனிக்கிழமை அத்தாவுக்குப் போன் போடு. ஃபர்ஹானைப் பற்றி ஒன்றும் கேட்காதே, நான் எழுதியதையும் காட்டிக்கொள்ளாதே. லெஃப்ட்ல யாரு அத்தா ஆடுறாங்க என்று மட்டும் கேள். வாயால் சொல்லிவிட்ட விலையை இதுவரை அவர் மாற்றியதில்லை, நஷ்டமானாலும் மாற்றியதில்லை. உன்னிடம் ஒரு தடவை பேரைச் சொல்லிவிட்டால் பிறகு மேட்டூர் அணையே உடைந்தாலும் அவன்தான் ஆடுவான். ஸ்பீக்கரில்தான் பேசுவார், ஃபர்ஹானும் பக்கத்தில் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு மறுபடி தூங்காதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தந்து, போன இடத்தில் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பானாக. தஹ்சீனிடம் காலி டப்பாக்களை மறக்காமல் கொடுத்தனுப்பு, அவள் லீவுக்கு வரும்போது கொண்டுவரட்டும். நீயும் எனக்காக ஒரு துஆ கேள். ஜெயிக்க வேண்டும் என்று கேட்டால் சந்தோஷம், கேட்காவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பதினோராம் நம்பர் எத்தனை தடவை தேய்த்தாலும் போகாத அழுக்கோடு என் கைக்கு வர வேண்டும், அதைக் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மஸ்தான் பீவி