புள்ளிக்கு முன்னால் உள்ள எண்

1988, வியாழன் இரவு. ஸ்ரீரங்கம்.

தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரி மருந்துக் கணக்குக்கு இப்போது ஓடும் புரோகிராம் 2.1. நான் எழுதிய புது புரோகிராமின் பிளாப்பியில் 3.0 என்று லேபிள் ஒட்டியிருந்தேன். உள்ளே எல்லாமே மாறிவிட்டது. ஒருமுறை ஓட்டிவிட்டால் பழைய புரோகிராம் அந்தக் கணக்கைப் படிக்காது. முதலாளி லேபிளைக் கிழித்தார். "மூணுன்னு பாத்தா பயந்துடுவாங்கப்பா. 2.2ன்னு போடு, போதும்." போட்டேன்.

சாயங்காலம் இருவரும் போய், ஆஸ்பத்திரியில் கணக்கு பார்க்கும் ஸ்டெல்லா மேடத்திடம் பிளாப்பியைக் கொடுத்தோம். லேபிளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"புள்ளிக்கு அப்புறம்தானே மாறியிருக்கு? அப்ப பழைய கணக்கைக் காப்பி எடுக்க வேணாம். நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே தம்பி!"

"ஆமாங்க மேடம்" என்று முதலாளி முந்திக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என்ன மனுஷன் நான்!

காலையில் வேலைக்கு வந்ததும் ஸ்டெல்லா மேடம் அதை மெஷினில் போட்டுவிடுவார். அவர் வீட்டில் போன் கிடையாது. முதல் பஸ்ஸில் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்க வேண்டும். அந்த லேபிளில் என் கையால் 3.0 என்று எழுதிக் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும். பேனாவை இப்போதே சட்டைப் பையில் குத்தி வைக்கிறேன்.