பொம்மிக்காவுக்கு வைத்த சேலை

27.9.2006, புதன்

பொம்மிக்கா,

உன் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகப்போகிறது. என் வீடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை உன் வீடு என்றுதான் எழுதுகிறது.

டப்பா எல்லாம் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. மிளகாய்த்தூள் எங்கே என்று நான் தேடவே இல்லை. நம்ம அம்மா வைக்கிற மாதிரியேதான் நீயும் வைத்திருக்கிறாய், கை தானாகப் போகிறது. ராத்திரி மாமா ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். உன் ரசம் மாதிரி இருந்ததா, இல்லாமல் போனதா? கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் எனக்குத் தாங்காது.

கூப்பிடுகிற பேர்கூட மாறவில்லை. அன்றைக்கு அக்கா புருஷன் என்று மாமா. இன்றைக்கு என் புருஷன், இப்பவும் மாமா.

போன வருஷம் ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தாய். நாங்கள் உடுமலையிலிருந்து ரயில் ஏறி ஹைதராபாத் வருவதற்குள் உன்னைக் குளிப்பாட்டியே வைத்துவிட்டார்கள். வருஷத் திதி முடிந்த கையோடு பெரியவர்கள் பேசி, பழனியில் வைத்து மாமாவுக்கு என்னைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். “வேற எவளோ வந்தா எம்பேத்திய என்ன பண்ணுவாளோ” என்று அம்மா அழுதாள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உன் மகள் நித்யா எல்கேஜி போகிறாள். கீழ்வீட்டுக் கமலாக்காதான் இந்த ஒரு வருஷமும் பார்த்துக்கொண்டது. அவளை விட்டால் தெரு முழுக்கத் தெலுங்கு, இவள் வாயிலும் அதுதான் வருகிறது. சோறு ஊட்டப் போனால் “வத்து சித்தி, வத்து” என்று தலையை ஆட்டுகிறாள். வேண்டாமாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் முதலில் கற்றுக்கொண்டேன்.

29.9.2006

ஹாலில் காலண்டர் மாட்டியிருக்கிற ஆணி பெரிய ஆணி. ஒரு காலண்டருக்கு எதற்கு இவ்வளவு பெரிசு என்று தூக்கிப் பார்த்தேன். பின்னால் சுவரில் சதுரமாக ஒரு இடம் மட்டும் சுண்ணாம்பு மங்காமல் இருந்தது.

உன் படம் இருந்த இடம்.

மாமாவிடம் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பாப்பா பாத்துப் பாத்து அழுவுதுன்னு போன வருஷமே எறக்கினது. புதுசா வர்ற பொண்ணு கண்ணுல பட்டுட்டே இருக்க வேண்டாம், மறுபடி மாட்டாதேன்னு எங்கம்மா சொல்லுச்சு. பீரோ மேல இருக்குது. பெட்ஷீட்டுல சுத்தி வெச்சிருக்கேன்.”

புதுசா வர்ற பொண்ணா? நானா? நீ சடை பின்னிவிட்டு வளர்ந்தவ நான், அக்கா.

ஒன்று முடிவு பண்ணிவிட்டேன். மாமா கம்பெனிக்குப் போனதும் தினமும் படத்தை இறக்கி நித்யாவுக்குக் காட்டப் போகிறேன். இதுதான் உன் அம்மா, பார்த்துக்கோ என்று. நாளையிலிருந்து.

1.10.2006

தெருவில் பெண்கள் தட்டில் பூவைக் கோபுரம் மாதிரி அடுக்கி நடுவில் வைத்து, கைதட்டிப் பாடிச் சுற்றி வந்தார்கள். பதுக்கம்மாப் பண்டிகையாம். கமலாக்கா கீழேயிருந்து கத்தினாள். “ஏ ரோகிணி, மேலயே நின்னு காவல் காக்கறயா? இறங்கி வா, உங்க அக்கா ஆடாத ஆட்டமா?”

நான் போகவில்லை. நித்யா போனாள். நன்றாக ஆடினாள். அது உன்னுடையது. எனக்கு ஆட வராது.

இன்றும் படத்தை இறக்கவில்லை.

5.10.2006

மழை. ஜீடிமெட்லா கம்பெனிப் பக்கமிருந்து மருந்து வாடை. மாமா சட்டையிலும் அதே வாடைதான். எத்தனை சோப்பு போட்டாலும் போக மாட்டேன் என்கிறது. நீ எப்படித் துவைத்தாய்?

8.10.2006, ஞாயிறு

மாமாவின் செல்லில் அம்மாவோடு பேசினேன். தீபாவளி இந்த மாசம் இருபத்தொன்று. அம்மாவே கூப்பிடுவாள் என்று பார்த்திருந்தேன், கூப்பிடவில்லை. நானே கேட்டேன்.

“அம்மா, தீவாளிக்கு நாங்க வரட்டுமா?”

அம்மா குரலை இறக்கிச் சொன்னாள்.

“மாப்பிள்ளைக்குத் தலைத்தீவாளி ஒருக்கா செஞ்சாச்சே அம்மிணி. மறுக்காவும் அதே வாசல்ல நிக்க வெச்சு ஆரத்தி எடுக்க எனக்குக் கையில தெம்பில்ல கண்ணு.”

எனக்குச் செய்யலையேம்மா. வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன்.

அப்பா போனை வாங்கி, “பொங்கலுக்கு வாங்க சாமி” என்றார். வைத்துவிட்டார்.

உன் தலைத்தீபாவளிக்கு நீ கிளிப்பச்சையில் பட்டு கட்டியிருந்தாய். அரக்குக் கரை. நான் மாமாவின் செருப்பை ஒளித்து வைத்துவிட்டேன். வெறுங்காலோடு வாசலில் நின்று வெடி வைத்தார், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அம்மா தப்பாச் சொல்லலை. அந்த வாசலுக்கு அவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போவேன்?

ஆனாலும் மனசு ஆறலை, அக்கா. எனக்கும் ஒரு தடவைதானே வரும்.

13.10.2006

உன் படத்தை மாட்ட வேண்டாமென்ற அத்தை ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். தீபாவளி இங்கேதான். வந்த கால் ஆறவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள்.

“சித்தி சித்தின்னு என்ன கண்ணு கூப்பாடு? அம்மான்னு கூப்பிடு.”

நித்யா தெலுங்கில் ஏதோ சொன்னாள். அத்தைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அம்மா ஊருக்குப் போயிருக்கிறாளாம். கமலாக்கா சொல்லிக் கொடுத்து வைத்தது.

“இப்பப் பழக்காட்டி எப்பப் பழக்கறது? அம்மான்னு சொல்லு, பாட்டி முறுக்குத் தாரேன்.”

“முறுக்கு வத்து” என்று ஓடிவிட்டாள். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வேண்டாம் அத்தை, விட்டுருங்க என்று நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. கூப்பிடுவாளா, கூப்பிடுவாளா என்று அவள் வாயையே நானும் பார்த்துக்கிட்டு நின்னேன். உன்கிட்ட மறைத்து என்ன ஆகப்போகிறது?

14.10.2006

கமலாக்காவிடம் சொல்லி அழுதேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். “நக்கோ ரோகிணி, வேண்டாம், இவ்வளவு யோசிச்சா தலைவலிதான் வரும். அம்மா எங்கே எங்கேன்னு ஆறு மாசம் என் மடியிலதான் அழுதா. அப்புறம் நின்னு போச்சு. நின்னுச்சேன்னு நான் சந்தோஷப்பட்டேன். ஹவ், ஆமா, தப்புதான். ஆனா சந்தோஷப்பட்டேன்.”

நின்று போச்சு என்றால் என்ன அர்த்தம்?

17.10.2006

அத்தை கோயிலுக்குப் போன நேரம் ஸ்டூல் போட்டு ஏறினேன். பீரோ மேலே பெட்ஷீட் கையில் தட்டியது. கட்டம் போட்ட பெட்ஷீட், அம்மா உனக்குச் சீராகக் கொடுத்தது. நித்யா கீழே நின்று “ஏன் சித்தி மேலே ஏறினே?” என்று தமிழில் கேட்டாள்.

ஒட்டடை அடிக்க என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

உன்னைப் பார்த்து அழுதாள் என்றால் அவளைத் தேற்ற என்னால் ஆகாது. அழவில்லை என்றால்? அதுதான் இன்னும் பயம்.

18.10.2006

சுமங்கலியாகப் போனவளுக்குத் தீபாவளிக்கு முன்னால் புதுச்சேலை வைத்துக் கும்பிடணும். நம்ம பக்கத்து வழக்கம்தான், எனக்கும் தெரியும். அத்தை இன்னொன்றும் சொன்னார்கள். “ரெண்டாவதா வந்தவ மூத்தவளுக்கு வெச்சுக் கும்பிட்டுத்தான் புதுசு உடுத்தணும். இல்லாட்டி அவ மனசு குளிராது.”

சாயந்திரம் மாமா கடைப்பையோடு வந்தார். நித்யாவுக்குப் பாவாடை சட்டை. ஒரே ஒரு சேலை.

நான் பைக்குள் இன்னொரு தடவை கைவிட்டுப் பார்த்தேன். அத்தை கவனித்துவிட்டார்கள்.

“அதேதான் உனக்கும் அம்மிணி. அவளுக்கு வெச்செடுத்து நீ கட்டிக்குவ.”

பிரித்தேன். கிளிப்பச்சை. அரக்குக் கரை.

“மாமா, இந்தக் கலரு…”

அவர் அப்போதுதான் சேலையைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். “கடையில கை அது மேலதான் போச்சு” என்றார். அப்புறம் பட்டாசு வாங்கணும் என்று மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

தலைத்தீபாவளிக்குக்கூட எனக்கென்று ஒரு சேலை இல்லை. இதை எழுதவே வெட்கமா இருக்கு. உனக்கு உசுரே இல்லை, நான் சேலைக்கு அழறேன்.

20.10.2006, வெள்ளி

உன்னை இறக்கினார்கள். மாமாதான் இறக்கினார். கண்ணாடியில் தூசி, ஈரத்துணியால் துடைத்தார். பலகை போட்டு, படம் வைத்து, முன்னால் சேலை, கண்ணாடி வளையல், மஞ்சள், பூ. உனக்குப் பிடித்த பலகாரம் என்று கச்சாயம் சுட்டேன். நீ சிரித்துக்கொண்டு இருந்தாய். ஸ்டூடியோக்காரன் ஏதோ ஜோக் சொன்னான் என்பாயே, அந்தப் படம்.

நித்யா குளித்துவிட்டுத் துண்டோடு ஓடி வந்தாள். படத்துக்கு முன்னால் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“சித்தி, இந்த ஆன்ட்டி யாரு?”

நான் அத்தையைப் பார்த்தேன்.

அத்தைதான் சொன்னார்கள். “சாமி கண்ணு. கும்பிட்டுக்கோ.”

பிள்ளையாருக்குக் கும்பிடுகிற மாதிரியே கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டாள், அக்கா. மாமா பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

நான் சொல்லியிருக்கலாம். இதுதான்டி உங்கம்மா, உன்னைத் தூக்கிக்கிட்டு நின்ன இடுப்புடி இது. ஊருக்குப் போன அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிகிறது அவளுக்கு. அது நீதான் என்று தெரியவில்லை. உன் மூஞ்சி போயிடுச்சு. நாளைக்கு நாளைக்குன்னு நான் ஸ்டூல்ல ஏறி எறங்கிக்கிட்டிருந்தேன், அதுக்குள்ள போயிடுச்சு.

21.10.2006, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். உன் காலடியிலிருந்து சேலையை எடுத்துக் கொடுத்தார்கள். கட்டிக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள். மாமா பார்க்கவே இல்லை.

வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டேன். தெருக்கோடியில் யாரோ முதல் சரவெடியைக் கொளுத்தினார்கள். அதில்தான் நித்யா முழித்திருப்பாள். பின்னால் கதவு திறக்கிற சத்தம்.

“அம்மா.”

தூக்கக் குரல். ஒரே தடவைதான் கூப்பிட்டாள். முறுக்குக்குப் பழக்கினது வந்துவிட்டதா? இல்லை இந்தச் சேலை நிறத்தை, இந்த முதுகை, எப்போதோ பார்த்தது உள்ளே எங்கேயாவது கிடந்ததா? அவள் கண்ணைப் பார்த்தேன், தெரியவில்லை. ஓடி வந்து மடியில் படுத்துக்கொண்டாள். கோலம் அழிந்துவிட்டது.

உள்ளேயிருந்து அத்தை, “அப்பாடா, முருகா” என்றார்கள். மத்தியானம் சாப்பிட்டானதும் மாமாவைக் கூப்பிட்டு உன் படத்தைத் திரும்பச் சுற்றி வைக்கச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். நான் பெட்ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

ஆணியில் இப்போது காலண்டர்தான் இருக்கிறது.

காலையில் அவள் கூப்பிட்டதும், கோலமாவுக் கையோடு, “என்ன கண்ணு” என்று நான் திரும்பிவிட்டேன். யோசிக்கவே இல்லை. பொம்மிக்கா, அந்தக் குரலுக்கு நீயும் திரும்பினாயா?