தோள் கொடுக்காதவன் எழுதுவது

உன் சும்மாட்டுத் துணி என் மடியில் கிடக்கிறது. இன்று காலை உன் மனைவி மா ப்வா கொண்டுவந்து கொடுத்தாள். தவிட்டு வாசனையும் உன் வியர்வையும் இன்னும் போகவில்லை. ரங்கூன் கூலிக்காரர்களுக்கெல்லாம் ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தவன் நான். இன்று உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பசுந்தாங் அரிசி ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக மூட்டை சுமந்தோம். படகுக்குப் போட்ட பலகையில் வழுக்கி விழுந்து நான் கால் ஒடிந்து கிடந்தபோது, மேஸ்திரி என் பேரை அடித்துவிடாதபடி இரண்டு மாதம் என் மூட்டைகளையும் நீதான் சுமந்தாய். நான் அழுதேன். "போடா, உன் மூட்டைக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று சிரித்தாய். கூன் விழுந்து வேலையை விட்ட பிறகாவது சும்மா இருந்தாயா? வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைத்தாய். கண் மங்கியதும் தடவித் தடவித் தைத்தாய். "கை இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்பாய். எப்பேர்ப்பட்ட ஆளடா நீ!

படுக்கையில் விழுந்த உனக்குக் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றியவள் பக்கத்து வீட்டு மா ப்வா. அந்தப் பர்மாக்காரியைக் கட்டிக்கொண்டாய் என்று மேஸ்திரியும் நம் தெருக்காரர்களும் உன்னை ஒதுக்கி வைத்தார்கள். நான் மட்டும் கொல்லைப்புறமாக வந்து போனேன். ஏன் வாசல் வழியாக வருவதில்லை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

நீ செத்த அன்று மேஸ்திரி தெருமுனையில் நின்று சொன்னான்: "எவன் தோள் குடுக்குறானோ, அவன் வீட்டுல ஒருத்தனுக்கும் நாளையிலேருந்து ஆலையில வேலை இல்ல." என் இரண்டு பையன்களும் அவனிடம்தான் வேலை பார்க்கிறார்கள். நான் டீக்கடை மறைவில் நின்றுகொண்டேன். பாடை கட்டி முடித்தும் உன்னைத் தூக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. பிணத்தை இப்படியா போட்டு வைப்பார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கடைசியில் அக்கம்பக்கத்துப் பர்மாக்காரர்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இன்று மா ப்வா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "அண்ணே, அவர் சாகுமுன்ன சொன்னார். 'அவன் வருவான், அவன் வந்து முன்னால பிடிச்ச பிறகு தூக்குங்க'ன்னு. நாங்க ரொம்ப நேரம் பாத்தோம்."

ஐயோ, எனக்காகவா அத்தனை நேரம் வெயிலில் கிடந்தாய்! கொல்லைப்புறமாக வந்து போனவன்மேல் உனக்கு ஏனடா அத்தனை நம்பிக்கை? ஒரு நாளாவது என்னைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டியிருக்கக் கூடாதா?

துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவளே கேட்டாள்: "அன்னைக்கு அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?"

"ஆமாம்மா, காய்ச்சல்" என்றேன். பாவி, சொல்லிவிட்டேன்.

"இப்ப தேவலையா அண்ணே?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இல்லையடா. இனி தேவலை ஆகவும் ஆகாது.