பச்சைப் புடவை மிஸ்

என் முதல் எதிரியும் முதல் தோழியுமான அக்காவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே அறையில் ஒரே மின்விசிறிக்குச் சண்டை போட்டுக்கொண்டு கிடந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? இப்போது எழுதுகிறேன், வேறு யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவிடம் உன் பேரை எடுத்தாலே எழுந்து கரும்புக் கொல்லைக்குப் போய்விடுகிறார். அம்மாவிடம் பாதி சொல்லித் தொலைத்துவிட்டேன், அது இன்னும் மோசமாகிவிட்டது.

உன் வேலையில்தான் இப்போது நான் இருக்கிறேன். சிரிக்காதே. உளுந்தூர்பேட்டை தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நோட்ஸ் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவள் நான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டு, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடச் சொல்லி, வரி பிசகாமல் ஒப்பிக்கவைத்து மார்க் வாங்கிக் கொடுத்தவள். "உன் பிள்ளைங்க எல்லாம் ஜெராக்ஸ் மெஷின்டி" என்று நீ கிண்டல் செய்வாய். உன் பிள்ளைகளுக்கு மார்க் வருகிறதா என்று முதலில் பார் என்று நானும் விடமாட்டேன்.

சித்திரையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. வெயில் காய்ச்சல்தான், ரசம் வைத்துக் கொடு, சரியாகிவிடும் என்று நீயே எனக்கு உத்தரவு போட்டாய். பிறகு சேலத்துக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வரும்போது யாரும் அவசரப்படவில்லை. கல்லூரி திறக்கிற நேரத்தில் உன் துறைத்தலைவர் போன் செய்தார். நீ ஆரம்பித்த வகுப்பு அப்படியே நிற்கிறது, நீங்களும் தமிழ் படித்தவர்தானே, வந்து எடுக்க முடியுமா என்று கேட்டார். கௌரவ விரிவுரையாளர் வேலை. கௌரவம் பேரில் மட்டும்தான் என்பாயே, இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நான் ஏன் சரி என்று சொன்னேன்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உன் மேஜையில் வேறு ஒருத்தி உட்காருவதைத் தாங்க முடியாது என்று நினைத்திருப்பேன்.

முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. அதை நீ எப்படியெல்லாம் திட்டம் போட்டாய் என்பதற்கு நான்தான் சாட்சி. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாய், நான் காது கொடுக்காததுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன். நோட்ஸ் கிடையாது. மாதிரிக் கட்டுரை கிடையாது. பழமொழியில் ஆரம்பிக்கக் கூடாது. முதல் வாரம் எழுதவே கூடாது, சும்மா பார்க்க வேண்டும். இரண்டாம் வாரம், எதிரில் இருக்கும் ஆளைப் பார்த்துப் பத்து வரி எழுத வேண்டும். எதிரில் யார் இருக்கிறார்? வாத்தியார்தான். வாத்தியாரையே எழுதட்டும் என்பாய். யாராவது காப்பி அடித்தால் திட்டக் கூடாது, பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மறுபடி எழுதுவார்கள், எழுதாமல் எங்கே போவார்கள் என்பாய்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய்!

நீ சொன்னபடியேதான் செய்தேன். முதல் வாரம் பார்க்கச் சொன்னேன். என்னத்தைப் பார்ப்பது என்று விழித்தார்கள். இரண்டாம் வாரம் நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்து, என்னைப் பாருங்கள், கண்ணில் பட்டதை எழுதுங்கள், வெள்ளிக்கிழமை நோட்டைக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

முதல் நோட்டில் இப்படி இருந்தது: 'எங்கள் மிஸ் பச்சைப் புடவை கட்டியிருக்கிறார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையில் தேடுகிறார். நாங்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிக்கிறார், எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.'

நான் அன்று கட்டியிருந்தது புடவையே இல்லை, சுடிதார். கண்ணாடியும் நான் போடுவதில்லை. பிள்ளை தூக்கத்தில் எழுதியிருக்கிறது என்று அடுத்த நோட்டை எடுத்தேன். அதிலும் பச்சைப் புடவை. அதற்கடுத்ததிலும் தலைமேல் கண்ணாடி. எத்தனை மரமண்டை பார் நான், நாலாவது நோட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அது நீ.

போன வருடம் உன் வகுப்பில் யாரோ ஒரு பெண் உன்னைப் பார்த்து எழுதியிருக்கிறாள். அந்த நோட்டு சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வந்திருக்கிறது. எல்லா நோட்டும் அப்படித்தானே கைமாறும்? மொத்த வகுப்பும் அதைப் பார்த்து எழுதிவிட்டது. சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாய். ஜன்னல் வழியே பஸ் ஹாரன் கேட்டால் பேச்சை நிறுத்தி, அது போகட்டும் என்று காத்திருக்கிறாய். எல்லாம் நிகழ்காலத்தில். ஒரு நோட்டில்கூட நீ சாகவில்லை, அக்கா.

நான் அழுவதைப் பார்த்து அம்மா வந்துவிட்டாள். மறைக்கத் தெரியவில்லை, படித்துக் காட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் அடுத்த நோட்டைப் படி என்றாள். இதுவும் அதேதான் அம்மா என்றேன். "இருந்தா இன்னா? படிடி" என்றாள். படித்தேன். ஒருத்தன் அவசரத்தில் பச்சையை நீலம் என்று எழுதியிருந்தான். அம்மா அதைக் கேட்டுத் தலையாட்டினாள். "ஆமா, நீலமும் வச்சிருந்தா. பொங்கலுக்கு எடுத்தது" என்றாள். பொழுது சாயும்வரை ஒரே பக்கத்தை நோட்டு நோட்டாகப் படித்தேன். நீ பச்சையிலும் நீலத்திலும் வந்து வந்து போனாய். கடைசியில் அம்மா என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"கோடு கீடு போட்டுடாதடி" என்றாள். "அவ பாட்டுக்கு இருந்துட்டுப் போறா."

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். திட்டக் கூடாது என்பது உன் சட்டம், அதனால் திட்டவில்லை. இதை எங்கிருந்து எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டேன். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து மலை இறங்கி வரும் மலர் என்ற பெண் எழுந்தாள். அவள் எப்போதும் கடைசி பெஞ்சில் தூங்கி வழிவாள், அவள்மீது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

"சீனியர் அக்கா ஒருத்தவங்க நோட்டு மிஸ்" என்றாள். "நல்லாருந்துச்சு. அதான் எல்லாரும் எழுதிக்கினோம்."

என்னைப் பார்த்துத்தானே எழுதச் சொன்னேன் என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் பெஞ்சைப் பார்த்தாள்.

"பாத்தோம் மிஸ். பாக்காம இல்ல" என்றாள் மலர். "நீங்க உக்காந்து ஜன்னலயே பாத்துக்கினு இருந்தீங்க. ரொம்ப நேரம். கண்ணு கலங்கிக்கினே இருந்துச்சு. அத எப்படி மிஸ் எழுதறது? எழுதினா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல. இந்த நோட்டுல இருக்கிற மிஸ் சிரிச்சிக்கினு இருந்தாங்க. அதான் இதையே எழுதிடலாம்னு சொல்லிட்டேன்."

அவள்தான் சொல்லியிருக்கிறாள். சோம்பேறித்தனத்தால் காப்பி அடித்தார்கள் என்று நினைத்திருந்தேன். என்மீது இரக்கப்பட்டு அடித்திருக்கிறார்கள். பள்ளியில் நான் பார்த்த காப்பிக்கெல்லாம் எனக்கு வைத்தியம் தெரியும். இதற்கு என்ன செய்வது?

அந்த நோட்டில் இருக்கிற மிஸ் எங்கள் அக்கா என்றேன். அதற்கு மேல் சொல்ல நினைக்கவில்லை. மலர் முகம் மலர்ந்துபோய், இப்போது எந்தக் காலேஜில் இருக்கிறார் என்று கேட்டாள். நான் திரும்பிக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தேன். பின்னால் மலர் மெதுவாக உட்காரும் சத்தம் கேட்டது. அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இன்று காலை துறைத்தலைவர் கூப்பிட்டார். உனக்காகத்தான் ஒரு வருடம் இந்த வகுப்புக்கு வளைந்து கொடுத்தாராம். பிள்ளைகள் சொந்தமாக எழுதுகிறார்கள் என்று நோட்டைக் காட்டினால் தொடரலாம், இல்லையென்றால் அடுத்த செமஸ்டரிலிருந்து பிரிண்ட் போட்ட நோட்ஸ். "அது உங்களுக்குக் கைவந்த கலைதானே" என்றார், குத்திக்காட்டவில்லை, நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நாளைக்கே நோட்டு வேண்டும் என்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஒரு நோட்டைப் பிரித்துப் படித்தார். கண்ணாடி வரி வந்ததும் அவர் வாய் லேசாகக் கோணியது. மூடி என்னிடமே கொடுத்துவிட்டார்.

"மார்க் போட்டுடுங்கம்மா" என்றார். "மத்ததை நான் படிக்கப் போறதில்ல. வகுப்பு நடந்துட்டுப் போகட்டும்."

பார்த்தாயா? கையெழுத்துப் போட்டால் போதும், உன் வகுப்பு பிழைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு மார்க். அம்மாவுக்கு நீ. அடுத்த வருடம் வரும் பிள்ளைகளுக்கு இந்த நோட்டுகள் போகும், அவர்களும் எழுதுவார்கள். வருடா வருடம் ஆடி மாதத்தில் நீ பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வகுப்புக்குள் வருவாய், கண்ணாடியைத் தேடுவாய், சிரிப்பாய். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சத்தியமாகச் சொல்கிறேன், கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

ஆனால் அது நோட்ஸ் இல்லையா, அக்கா? நீ ஒழிக்க நினைத்த அதே நோட்ஸ். உன்னையே நோட்ஸ் ஆக்கிவிடுவார்கள். உன்னைப் பார்த்தே இராத பிள்ளைகள் உன்னை ஒப்பிப்பார்கள். பச்சை நீலமாகும், நீலம் மஞ்சளாகும், போகப்போக நீ யாரோ ஒரு மிஸ் ஆகிவிடுவாய். அதை நடத்துவதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

சரி, கோடு போடுகிறேன் என்றே வைத்துக்கொள். அதற்குப் பிறகு? இந்தப் பிள்ளைகள் ஒரே நாளில் எழுதிவிடுவார்களா? வெறும் தாளை நீட்டினால் துறைத்தலைவரிடம் எதைக் காட்டுவேன்? போட்டாலும் உன் வகுப்பு போகும், போடாவிட்டாலும் போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உனக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. உன் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஆசிரியர் அறையில் எல்லோரும் போய்விட்டார்கள், உன் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நோட்டுக்கட்டு முழங்கை அருகில் இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு மலர் ஊர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். உள்ளே வரவில்லை.

"மிஸ், நாங்க வேற எழுதணுமா?" என்று கேட்டாள்.

என்ன எழுதுவாய் என்று கேட்டேன்.

"நேத்து நீங்க ஒண்ணுமே இல்லாத போர்ட தொடச்சிக்கினு இருந்தீங்களே, அது" என்றாள். "எழுதலாமா மிஸ்?"

எனக்கு மானமே போனமாதிரி இருந்தது. வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. நான் அழுததை, ஜன்னலை வெறித்ததை, கையாலாகாமல் நின்றதை எல்லோரும் பத்துப் பத்து வரியாக எழுதிக் கொடுப்பார்கள், அதை நானே உட்கார்ந்து படித்து மார்க் போட வேண்டும், துறைத்தலைவரிடம் காட்ட வேண்டும். இதற்காகவா அக்கா நான் இந்த வேலைக்கு வந்தேன்? நீ பார்க்கவைத்தபோது அவர்களுக்குச் சிரிக்கிற மிஸ் கிடைத்தாள். என்னிடம் காட்ட இதுதான் இருக்கிறது.

எழுது என்று சொல்லிவிட்டேன். தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நாளைக்கு எழுதுவாளா, மற்றவர்கள் எழுதுவார்களா, எனக்குத் தெரியாது.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே. நாளைக் காலை மணி அடிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு நோட்டையும் திறந்து, உன்னைக் கடைசியாக ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டு, உன்மேல் சிவப்புக் கோடு போட்டுவிடுவேன். ஒன்றையும் விடமாட்டேன், நீலப் புடவையைக்கூட. பிறகு நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்து, இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்காமல், என்னைப் பார்க்கச் சொல்வேன்.

உன் கையாலாகாத தங்கச்சி,
கோதை